குறுக்காக வைத்த தட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று அம்மாவைப் புள்ளியாக்கினேன். பச்சைப் புள்ளி, எண் ஆறு.

காதுக் கருவி பழுதுபார்க்கும் கூடத்தில் மொத்தம் ஆறு மேசைகள். தபாலில் வரும் கருவியைத் திறப்பது, குரும்பியும் அழுக்கும் எடுப்பது, கெட்டுப்போன பாகத்தை மாற்றுவது, மூடுவது, அளப்பது, கடைசியாகக் காதில் வைத்துக் கேட்பது. கடைசி மேசை கண்ணாடி அறைக்குள், கேட்பவள் அம்மா. பதினேழு வருடமாக. இந்தக் கூடத்தை அப்படியே திரைக்குள் இன்னொரு கூடமாகக் கட்டுவது என் வேலை. டிஜிட்டல் இரட்டை என்று பெயர். ஒவ்வொரு தட்டிலும் ஒட்டியிருக்கும் குறியை மேலே தொங்கும் கேமரா படிக்கிறது. இங்கே தட்டு நகர்ந்தால் அங்கேயும் நகரும். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே ஒரு மாதத்தை இரண்டு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

தத்துவம் படித்து, ஒரு வருடம் சும்மா இருந்து, பிறகு புள்ளியியல் படித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. வாங்கிக் கொடுத்ததும் அம்மாதான். "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா சார்" என்று மேலாளரிடம் போய் நின்றிருக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

மூன்றாம் மேசைக்காரர் ஒல்லி, கையில் எப்போதும் இடுக்கி. பெயரும் அதுவே. திரையை எட்டிப் பார்த்து, தன் புள்ளி எது என்று கேட்டார். காட்டினேன்.

"இவன் டீ குடிக்கவே போகமாட்டானாம்மா?"

இடைவேளையை இன்னும் சேர்க்கவில்லை என்றேன்.

"சேக்காதீங்க. வேலைக்கு இவன வெச்சுக்குங்க. டீ குடிக்க என்னைய அனுப்பிடுங்க."

கூடமே சிரித்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து அம்மா எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அறையிலிருந்து ஏதோ கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டேன். வந்து கதவருகே நின்றாள். "வாய்க்குள்ளயே முணுமுணுக்காத. பேசறதா இருந்தா மூஞ்சியப் பாத்துப் பேசு."

இரண்டு மூன்று வருடமாக இதே பல்லவி. குக்கர் வைத்தால் அது இறங்கும்வரை எதிரிலேயே நின்று வெயிட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. 'என்ன' என்று செய்தி வருகிறது. வயதாவது என்பது இப்படிச் சின்னச் சின்ன வீம்புகளாகத்தான் வருமோ?

மார்ச் 12, வியாழன்

நாள் முழுக்கத் தரவைச் சுத்தம் செய்தேன். கேமரா தேவைக்கு மேல் எழுதித் தள்ளுகிறது. தட்டின் எண், நேரம், வெளிச்சத்தின் அளவு, தட்டு எந்தக் கோணத்தில் வைக்கப்பட்டது. வெளிச்சம் எதற்கு? கோணம் எதற்கு? இரண்டு நெடுவரிசைகளையும் தூக்கினேன். அட்டவணை மெலிந்து அழகானது.

வேண்டாததை எடுக்க எடுக்க உண்மை தெரியும் என்று நம்புகிற ஆள் நான். எழுத்திலும் அப்படித்தான்.

மார்ச் 19, வியாழன்

ஐந்தாம் மேசைக்கும் ஆறாம் மேசைக்கும் நடுவில் ஒவ்வொரு தட்டும் நாற்பது விநாடி காணாமல் போகிறது.

ஐந்தில் விசிலக்கா. வேலை செய்துகொண்டே மெல்ல விசிலடிப்பார், அதனால் அந்தப் பெயர். கருவியை அளக்கும் பெட்டிக்குள் வைத்து, வரைபடம் சரியாக வந்தால் 'முடிந்தது' என்று அழுத்துகிறார். தட்டைக் கண்ணாடி அறையின் சிறிய ஜன்னல் திட்டில் வைக்கிறார். அம்மா எடுத்து 'தொடங்கியது' என்று அழுத்துகிறாள். கை நீட்டும் தூரம். அதற்கு நாற்பது விநாடி ஏன்?

அரட்டையாக இருக்கும். இருவரும் பதினைந்து வருடச் சிநேகிதிகள். அந்த இடத்தைத் திரையில் சிவப்பாக்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரட்டையை ஓட்டிக் காட்டினேன். மேலாளர் விரல் நீட்டி, அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார்.

காரணமில்லாத காத்திருப்பு என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நடுவுல ஒரு நகரும் பட்டை போட்டா போயிடும் சார்."

யாரும் கேட்காத இரண்டாவது வாக்கியம்.

பட்டையைத் திரைக்குள் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். நாளைக்குப் பத்தொன்பது கருவிகள் கூடுதல். வந்தவர்களில் ஒருவர் மெதுவாகக் கை தட்டினார். நான் சிவந்திருப்பேன். அவ்வளவு மலிவான ஆள்.

மார்ச் 25, புதன்

பட்டைக்கு அனுமதி வந்துவிட்டது. ஒரே நாளில்.

ஏப்ரல் 2, வியாழன்

விசிலக்கா விசிலடிப்பதில்லை. காலையில் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

வீட்டில் அம்மாவிடம் பட்டையைப் பற்றி விவரித்தேன், சட்டப்படி முகத்தைப் பார்த்து. கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். ஒன்று மட்டும் கேட்டாள்: "தட்டு அதுல எப்படி வரும்?"

இரண்டு பக்கமும் கம்பி இருக்கும், எப்படி வைத்தாலும் நேராக்கிவிடும் என்றேன். பெருமையாக.

"நேராவா" என்றாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

எங்கிருந்து எழுதுவது?

பட்டை போடுகிறவர்கள், தட்டுகள் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டார்கள். கம்பியின் அகலத்தைத் தீர்மானிக்க. நீக்கிய கோணத்தை மூலத் தரவிலிருந்து திரும்ப எடுத்தேன். மற்ற மேசைகளில் தட்டுகள் இஷ்டத்துக்குக் கிடக்கின்றன, பத்து டிகிரி, முப்பது, அறுபது. அந்த ஜன்னல் திட்டில் மட்டும் இரண்டே விதம். நேராக. அல்லது முழுக் குறுக்காக.

அருகில் அம்மாவின் தீர்ப்பை வைத்துப் பார்த்தேன். மொத்தம் 4,112 தட்டுகள். குறுக்காக வந்தவை 463. அந்த 463-ஐயும் அம்மா குறை என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். நேராக வந்த 3,649-ஐயும் சரி என்று விட்டிருக்கிறாள்.

ஒன்றுகூடத் தவறவில்லை.

கேட்கிற ஆளுக்குச் சந்தேகம் வரும். நல்லதைச் சில சமயம் திருப்புவாள், கெட்டதைச் சில சமயம் விட்டுவிடுவாள். நூற்றுக்கு நூறு எந்தக் காதாலும் முடியாது. கண்ணால் முடியும்.

அளக்கும் பெட்டி சில குறைகளைப் பிடிக்காது. குலுக்கினால் வருகிற கரகரப்பு, விட்டு விட்டு வருகிற இரைச்சல். அதற்காகத்தான் ஆறாம் மேசையே. அந்த வேலையை விசிலக்கா செய்துகொண்டிருக்கிறார். நாற்பது விநாடி. பிறகு தட்டைத் திருப்பி வைக்கிறார். அம்மா பார்க்கிறாள்.

வாய்க்குள்ளயே முணுமுணுக்காத.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் அம்மா அடுப்பு முன்னால், எனக்கு முதுகு காட்டி நின்றாள். மூன்றடி பின்னால் நின்றேன். ஒவ்வொரு கருவியையும் சோதிக்க அவள் சொல்லும் ஆறு ஒலிகள் இருக்கின்றன. பதினேழு வருடமாக நாள் முழுக்கச் சொல்வது. அவற்றையே சொன்னேன்.

ஆ. தலை லேசாக அசைந்தது. அல்லது அசைந்ததாக நினைத்தேன்.

ஊ. ஈ. ஷ். ஸ். ம்.

வெயிட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் உன்னைக் காட்டிக் குடுத்துட்டேன்." கத்தவில்லை. சாதாரணமாக, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்கிற குரலில்.

அடுப்பை அணைத்துத் திரும்பியவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "எப்படி வந்து நிக்கறா பாரு, பூனை மாதிரி. உக்காரு, சாப்பிடலாம்."

ஏப்ரல் 8, புதன்

விசிலக்காவைக் கைகழுவும் இடத்தில் பிடித்தேன். எனக்குத் தெரியும் என்றேன். குழாயை மூடாமலே என்னைப் பார்த்தார்.

"மூணு வருஷம். நீ இப்பதான் கண்டுபுடிச்சியா? ஒரே வீட்டுலதானடி இருக்கீங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஸ், ஷ் இரண்டும் போனதாம். பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக. அம்மா ஒரு நாள் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, கருவி எல்லாமே நன்றாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்றிருக்கிறாள். தட்டைத் திருப்பி வைக்கிற யோசனை விசிலக்காவுடையது. வீட்டில் சொல்லக்கூடாது என்பது மட்டும் அம்மாவுடையது. "அவ படிச்ச பொண்ணு, உடனே சரி பண்ணணும்னு நிப்பா" என்றாளாம்.

கருவி மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்டேன். ஆறாம் மேசையில் உட்கார முதல் தகுதி குறையில்லாத காது. மாட்டிக்கொண்டு எந்த முகத்தோடு உள்ளே வருவாள் என்று விசிலக்கா திருப்பிக் கேட்டார்.

குழாயை நான்தான் மூடினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

மேலாளரிடம் போனேன். அந்த நாற்பது விநாடியில் ஏதோ பயன் இருக்கலாம், பட்டையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றேன். என்ன பயன் என்றார். மூடிய கருவி நிலைகொள்ள நேரம் வேண்டாமா என்று உளறினேன். நல்ல மனிதர். கோபப்படவில்லை. "நிலைகொள்ள ரெண்டு விநாடி போதும்னு நீயே போன மாசம் எழுதியிருக்கியேம்மா." எழுதியிருக்கிறேன். பக்கம் நான்கு.

உண்மையைச் சொன்னால் அம்மா போவாள். சொல்லாவிட்டாலும் போவாள், கொஞ்சம் தாமதமாக, முன்பின் தெரியாத சிலர் காதில் கரகரப்பை ஏற்றிவிட்ட பிறகு.

சொல்லவில்லை. இது அம்மாவுக்காகவா, இல்லை நேருக்கு நேர் பேசுவதைத் தள்ளிப்போடும் என் வழக்கமா? தெரியவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

இரட்டைக்குள் பொய் வைத்தேன். இருபது தட்டுக்கு ஒருமுறை பட்டை சிக்கிக்கொள்ளும்படி. கூடுதல் பத்தொன்பது, கழித்தல் ஏழாக மாறியது. ஓட்டிக் காட்டினேன்.

பட்டைக் கம்பெனிக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், எங்க பட்டை சிக்கவே சிக்காதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இந்தளவுக்குச் சிக்குச்சுன்னா அது பட்டை இல்ல, சீப்பு."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். எண் தவறி விழுந்துவிட்டது என்றேன். அவர்கள் எதிரிலேயே திருத்தினேன். பத்தொன்பது திரும்பி வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

பட்டை ஓடத் தொடங்கியது. ஐந்திலிருந்து ஆறுக்கு ஒன்றரை மீட்டர். சத்தமே இல்லை.

விசிலக்கா முதல் தட்டைக் குறுக்காக வைத்தார். கம்பி அதைத் தட்டித் தட்டி நேராக்கியது. கை நீட்டி எடுத்து மறுபடி குறுக்காக வைத்தார். நேராக்கியது. மூன்றாவது முறையும். பிறகு பின்னால் தட்டுகள் குவிந்துவிட்டன.

கண்ணாடிக்குள் அம்மா. பட்டையின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அல்ல.

ஏப்ரல் 28, செவ்வாய்

அம்மாவின் தீர்ப்புகளைப் பார்க்கமாட்டேன் என்று ஒரு வாரம் இருந்தேன். இன்று பார்த்தேன்.

ஒன்பதாவது தட்டைக் குறை என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். பதினெட்டாவதை. இருபத்தேழாவதை.

பழைய விகிதம் ஒன்பதுக்கு ஒன்று. அவளுக்கு அது கையில் ஏறியிருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆ, ஊ, ஈ என்று கருவியிடம் வாய் சொல்கிறது, மனம் எண்ணுகிறது. சராசரி சரியாக இருக்கிறது, ஆகவே திரையில் எண் ஆறு இன்னும் பச்சை.

என்னிடமிருந்து கற்றுக்கொண்டாளா இதை? சாப்பாட்டு மேசையில் நான் அளந்த சராசரிக் கதைகளிலிருந்தா?

மே 6, புதன்

திரும்பி வருகின்றன. இதுவரை முப்பத்தொன்று. கூடவே கடிதங்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்க சரி பண்ணி அனுப்பினதுல யாரோ காகிதத்தைக் கசக்கிக்கிட்டே இருக்காங்க. என் பேத்தி பேசும்போதுதான் ரொம்பக் கசக்கறாங்க."

இடுக்கி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காக வாசிக்கவில்லை.

மே 8, வெள்ளி

எந்த மேசையில் தவறுகிறது என்று இரட்டையிடம் கேட்டுச் சொல்லும்படி மேலாளர் சொன்னார். நான்கு விநாடியில் பதில் வந்தது: மேசை ஆறு.

அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். திங்கள் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

மே 10, ஞாயிறு

கோப்பு மேசைமேல் இருந்தது. அம்மா அந்த மேசையைத் துடைத்தாள். கோப்பைத் தூக்கி, அடியில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மே 11, திங்கள்

பத்து மணிக்கு நான் கோப்போடு எழுந்தேன். அதற்குள் அம்மா கண்ணாடி அறையைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். கூடத்தின் நடுவில், மேலாளருக்கு நேர் எதிரே நின்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சார், எனக்குக் காது கேக்கலை. மூணு வருஷமாச்சு. எண்ணி எண்ணித்தான் தள்ளிக்கிட்டிருக்கேன். அஞ்சாம் மேசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

விசிலக்கா எழுந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டி, உட்கார் என்று காட்டினாள்.

 மேலாளர் என்னிடம், தரவும் அதைத்தான் சொல்கிறதா என்றார். ஆமாம் என்றேன். கோணம் இரட்டையில் இல்லை. மூலத்திலிருந்தும் காலை எட்டு மணிக்கே அழித்திருந்தேன். நான் எடுத்துப்போட்ட நெடுவரிசை ஒருவரைக் காப்பாற்றியது. அம்மாவை அல்ல.

அவள் ஆறு ஒலிகள் எழுதிய அட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். பதினேழு வருடம் ஒரு துணிப்பையில் அடங்கியது. இடுக்கி வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கோப்போடு அங்கேயே நின்றிருந்தேன்.

மே 12, செவ்வாய்

லீவு போட்டேன். அம்மா எதிரில் உட்கார்ந்தேன், முகம் தெரியும்படி.

"தெரிஞ்சு சொன்னியா, தெரியாமயா? பட்டைய."

"தெரியாம."

"அப்ப சரி."

சரியில்லை என்றேன். எனக்கு அழுகை வந்தால் உதடு கோணிக்கொள்ளும். அழுதுகிட்டே பேசினா எனக்குப் புரியாது, அழுதுட்டுப் பேசு என்றாள். காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை.

என்னை ஏன் அங்கே சேர்த்துவிட்டாள் என்று கேட்டேன். இப்படி ஒரு இரட்டை வரப்போகிறது என்று தெரிந்தும்?

"வரத்தான் போகுதுன்னாங்க. வேற எவனோ வந்து என்னை எண்ணறதுக்கு, நீ எண்ணினா தேவலைன்னு நெனைச்சேன். நீ பாத்துப் பண்ணுவேன்னு."

வெளியே யாரோ வண்டியின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும்.

மே 29, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, திங்கள்

கண்ணாடி அறையில் இப்போது கேட்கும் பெட்டி. பட்டை நேராக அதன் வாய்க்குள் போகிறது. ஆறு ஒலிகளையும் அதுவே எழுப்பி, அதுவே கேட்டு, அதுவே தீர்ப்பு எழுதுகிறது. பதினொரு விநாடி. கருவியைக் குலுக்குவதில்லை. குலுக்கும் கை வைத்தால் இருபத்தாறு விநாடி ஆகும் என்று கணக்கிட்டு, வேண்டாம் என்றார்கள். கணக்கிட்டது யார் என்று எழுதவேண்டுமா?

விசிலக்காவைப் பொட்டலம் கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என்னை இரண்டாவது மையத்துக்கு. அங்கே நாற்பது மேசைகள். இரட்டையை நகலெடுத்துக்கொண்டு போகவேண்டும். இரட்டையின் இரட்டை. வாழ்த்துகள் என்றார் மேலாளர். நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது, விலகுகிறேன் என்றா? நான் விலகினால் வீட்டில் யாருக்கும் வேலை இல்லை.

அம்மாவுக்கு மையத்தின் அன்பளிப்பாக ஒரு கருவி. புதிது அல்ல, பழுது நீக்கியது. பெட்டியின்மேல் ஒட்டுச்சீட்டு: கேட்டுச் சோதிக்கப்பட்டது.

ஜூன் 17, புதன்

மாட்டிக்கொண்டாள். என்னைப் பேசச் சொன்னாள். பேசினேன். "ம்" என்றாள்.

ஜூலை 5, ஞாயிறு

நாளை புது மையம். ஷூவைத் துடைத்து வைத்தேன். மடிக்கணினியைப் பையில் போட்டேன்.

சாப்பாட்டு மேசையில் கருவியின் பெட்டி இருந்தது, மூடி. மேசையின் விளிம்புக்குக் குறுக்காக. முழுக் குறுக்காக, ஸ்கேல் வைத்தது போல. கருவி உள்ளே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. குலுக்கினேன். யாரோ காகிதம் கசக்கினார்கள்.

மறுபடி குலுக்கினேன். இல்லை. மறுபடி. இருந்தது.

உள்ளே போட்டு மூடினேன். இதை எழுதிவைக்கப் பேனாவைத் தேடிக்கொண்டே, கைப்பழக்கத்தில், பெட்டியை மேசை விளிம்போடு சேர்த்து நேராக வைத்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு போய்க் குக்கர் முன்னால் நின்றுகொண்டாள், எனக்கு முதுகு காட்டி.

கூப்பிட்டேன்.